மேற்குக் காற்று தின்ற எண்கள்

9

மீன்கடைக் கதவில் இருந்த ஓர் எட்டுதான் இந்த வழக்கைத் தொடங்கிவைத்தது.

காலை பத்து முதல் பதினெட்டு மணி வரை கடை திறந்திருக்கும் என்ற அறிவிப்பின் கடைசி எண் அது. டென்மார்க்கின் லெம்விக் ஊரில் ஒரு நாளைக்கு நூறு பேராவது அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். மார்ச் மாதத்தில் ஒரு காலை, எழுபத்தெட்டு வயது இங்வார்ட் ஸ்கௌ மட்டும் கையில் பையுடன் அதன் எதிரே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள், மீனோடு வெளியே வந்தார்கள். அவர் மீன் வாங்காமலே வீடு திரும்பினார்.

இரண்டு மாதம் கழித்து, ஹோல்ஸ்டெப்ரோவிலிருந்து ரிக்மோர் க்விஸ்டை வரவழைத்தார்.

ரிக்மோர் இருபது வருஷம் சுங்கத்துறையில் மற்றவர்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் துப்பறிவாளர் ஆனவள். அதிகம் பேசமாட்டாள். அந்தக் குறையை அவளுடைய உதவியாளன் தோர்கில் தீர்த்துவைத்தான். முன்பு பால் லாரி ஓட்டியவன். பசுக்கள் பதில் பேசாததால் அந்த வேலையை விட்டதாகச் சொல்வான். ரிக்மோரை ‘முதலாளி’ என்று கூப்பிடுவான். அவளுக்கு அது பிடிக்காது. அதற்காகவே கூப்பிடுவான்.

இங்வார்டின் பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. நான்கு சுவர்களிலும் இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகல மர எழுத்துகள். சர்க்கஸ், மாட்டுச் சந்தை, நடனக் கொட்டகை என்று அந்தக் கரையோரத்துச் சுவரொட்டிகளெல்லாம் நாற்பது வருஷம் இங்கேதான் அச்சாகிப் போயின. மேசைமேல் காபியும் லவங்கப்பட்டை ரொட்டியும் இருந்தன. ரொட்டியைத் தோர்கில் மட்டும் கவனித்தான்.

"இது என் பையன் எஸ்பென் பண்ணின எழுத்துரு," என்று இங்வார்ட் ஒரு தாளை நகர்த்தினார். "வெஸ்டர்ஹாவ்னு பேர் வச்சிருக்கான்."

கம்ப்யூட்டர் எழுத்துருதான், ஆனால் பார்த்தால் கம்ப்யூட்டர் ஞாபகமே வராது. தலையிலும் காலிலும் சின்னக் குதிகால் வைத்த, நூறு வருஷத்துக்கு முந்தைய தடித்த எழுத்துகள். அங்கங்கே மை பிடிக்காமல், ஓரம் உதிர்ந்து, கீறல் விழுந்து கிடந்தன.

"அட, இது எங்க தெரு முடிவெட்டுக் கடை வாசல்ல இருக்கு," என்றான் தோர்கில். "நான் குடிக்கிற பீர்லயும் இருக்கு. ஒரு தடவை சோப்புல பார்த்தேன். புத்தம் புது சோப்பு, பேரைப் பார்த்தா கொள்ளுத்தாத்தா குளிச்ச சோப்பு மாதிரி இருந்துச்சு."

"எல்லாம் இந்த இழுப்பறையிலேருந்து போனதுதான். இந்த மர எழுத்துல ஒவ்வொண்ணா மை தடவி, அச்சடிச்சு, அதைப் படம் எடுத்துப் பண்ணினான். இதோ இந்த ஆர்ல ஒரு பள்ளம் தெரியுதா? எழுபத்தொண்ணுல நான் கீழ போட்டது. இந்த எம்மோட கால் உடைஞ்சிருக்கே, அது என் பங்காளி குடிச்சிட்டு வந்த நாள்." இங்வார்ட் தாளைத் தடவினார். "நாப்பது வருஷம் ஒரு கீறல் விழாம இதைப் பார்த்துக்கணும்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கீறல் விழுந்த எழுத்துல அடிச்ச தாளை வாடிக்கையாளர் கண்ணுல படாம அடுப்புல போடுவேன். இவன் என்னடான்னா அந்தக் கீறலையே எடுத்து ஊருக்கு விக்கிறான்."

"அதுல சண்டையா?" என்றாள் ரிக்மோர்.

"சண்டை. இரண்டாயிரத்து இருபது, அக்டோபர் மாசம். ‘என் அவமானத்தை விக்கிறவன் என் பட்டறைக்குள்ள வராதே’ன்னேன்." அவர் காபிக் கோப்பையைத் தட்டில் நேராக வைத்தார். "அன்னைக்கு அவன் சண்டை போட வரலை. ஒரு தாளோட வந்தான். புதுசா எண்கள் வரைஞ்சிருந்தான். ‘அப்பா, இந்த மூணோட வயிறு சரியா இருக்கா பாருங்க’ன்னான். நான் பார்க்கலை. திரும்பி நின்னுக்கிட்டேன். எண்பத்து மூணுல பொறந்த பையன், முப்பத்தேழு வயசுல, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அந்தத் தாளை நீட்டிக்கிட்டே நின்னான். அதுக்கப்புறம் அவன் வரலை. மூணரை வருஷம் ஆச்சு."

"இப்ப அவர்கிட்ட என்ன சொல்லணும் உங்களுக்கு?"

"அந்தத் தாளைக் காட்டுடான்னு சொல்லணும். வேற ஒண்ணும் இல்லை."

பிறகு இங்வார்ட் இன்னொரு தாளை எடுத்தார். மீன்கடை அறிவிப்பும் இதே எழுத்துருதான்; மார்ச்சில் கடைக்காரர் அதன் புதுப் பதிப்பை வாங்கி மறுபடி அச்சடித்திருக்கிறார். நூலகத்தில் சொல்லி அதன் எண்களை மட்டும் பெரிதாக அச்சடித்து வாங்கியிருந்தார் இங்வார்ட். பத்தில் ஆறு எண்கள் மட்டும் மாறியிருந்தன. பூஜ்யம், மூன்று, எட்டு, ஒன்பது ஆகியவற்றுக்குப் புது உருவம் ஒவ்வொன்று. ஒன்றுக்கும் இரண்டுக்கும் மட்டும் இரண்டிரண்டு. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு அப்படியே பழையபடி இருந்தன.

"பாதி வேலை பார்த்துட்டு சாப்பிடப் போயிட்டாங்க போல," என்றான் தோர்கில்.

"வரைஞ்சது எஸ்பென்தான். அந்த மூணை வேற யாரும் வரைய முடியாது," என்றார் இங்வார்ட். "ஆனா இந்தத் தேய்மானம் பட்டறைத் தேய்மானம் இல்லை. அச்சடிச்சுத் தேஞ்சா ஓரம்தான் மழுங்கும். இங்க பாருங்க, குறுக்குவாட்டுல வரி வரியாத் தின்னிருக்கு. மெத்துன்னு இருக்கிற மரத்தைத் தின்னுட்டு கெட்டி ரேகையை மட்டும் விட்டிருக்கு."

"மணல் காத்து," என்றாள் ரிக்மோர்.

"மேற்குக் காத்து. இது எங்கேயோ வெளியில நிக்கிற பலகை. அதுல எண்களை மேடாச் செதுக்கி, மேல தாளை வச்சு, கரியால தேய்ச்சு எடுத்திருக்காங்க." அவர் ரிக்மோரின் முகத்தைப் பார்த்தார். "அந்தப் பலகை எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

எழுத்துருவை விற்கும் ஆம்ஸ்டர்டாம் கம்பெனி, புதுப்பித்து அனுப்பியது யார் என்று சொல்ல மறுத்துவிட்டது. ஆகவே இருந்த ஒரே துப்பு அந்த எட்டு உருவங்கள்தான்.

"படகுங்க!" தோர்கில் ரொட்டியோடு கையை ஆட்டினான். "கடற்கரை, காத்து, எண்ணு. மீன்பிடி படகு நம்பரைத் தவிர வேற என்னவா இருக்கும்? உங்க பையன் ஏதோ ஒரு படகை வாங்கி அதுலயே குடித்தனம் பண்றாரு. நான் பந்தயம் கட்டுவேன்."

"படகா?" இங்வார்டின் முகம் ஒரு கணம் தெளிந்தது. "அப்படியும் இருக்கலாம், இல்லை?" தோர்கிலின் கோப்பை பாதி நிறைந்திருக்கும்போதே மறுபடி காபி ஊற்றினார்.

காரில் ஏறியதும் ரிக்மோர் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன முதலாளி?"

"பலகை எங்கன்னு கேட்டார். பையன் எங்கன்னு கேட்கலை."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

•

தூபொரொன் துறைமுகத்தில் படகுகளுக்கு எண் எழுதுகிறவர் கிரெஸ்டென் என்று ஒருவர். ஏணிமேல் நின்றபடி தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு தோர்கிலைப் பார்த்தார்.

"தம்பி, நீ எந்த ஊரு?"

"ஹோல்ஸ்டெப்ரோ."

"அதான். கடல் இல்லாத ஊரு." அவர் தூரிகையால் கீழே நின்ற படகைக் காட்டினார். "முப்பது வருஷமா நான் எழுதறேன். எந்தப் பைத்தியக்காரனாவது படகுல எண்ணை மேடாச் செதுக்குவானா? வலை மாட்டிக் கிழியும். முதல் நாளே மாலுமிங்க என்னைத் தண்ணியில தூக்கிப் போட்டுடுவாங்க. பெயிண்ட்தான் அடிப்போம். அப்புறம், மொத்தம் எட்டு எண்ணா? இது படகு நம்பரா, டெலிபோன் நம்பரா?"

தோர்கில் அப்படியே நின்றான்.

"முதலாளி. டெலிபோன் நம்பர்."

டென்மார்க்கில் எல்லாத் தொலைபேசிக்கும் எட்டு எண்தான். கடைப் பலகையில் எட்டு எண்ணையும் செதுக்கிவைக்கிற தச்சர்களும் குயவர்களும் அந்தக் கரையோரத்தில் நிறைய.

"ஒண்ணு ரெண்டு தடவை வருது, ரெண்டு ரெண்டு தடவை வருது, மிச்சம் ஒவ்வொரு தடவை. அதனாலதான் மாறின எண் ஆறு, உருவம் எட்டு!" தோர்கில் கிரெஸ்டெனின் கையைப் பிடித்துக் குலுக்கியதில் தூரிகை பெயிண்ட் டப்பாவுக்குள் விழுந்தது. "எஸ்பென் ஏதோ கடை போட்டிருக்காரு. நம்பரைக் கண்டுபிடிச்சா நேரா அவருக்கே போன் போட்டுடலாம்."

"எட்டு எண்ணை எத்தனை விதமா அடுக்கலாம்னு தெரியுமா உனக்கு?" என்றாள் ரிக்மோர்.

"பள்ளிக்கூடத்துல அந்தப் பாடம் நடத்தின அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்."

"பத்தாயிரம் விதத்துக்குக் குறையாது. ஆனா அத்தனையும் வேண்டாம். கத்தரிக்கோல் வாங்கிட்டு வா."

துறைமுக உணவகத்தின் ஜன்னலோர மேசையில் வறுத்த மீனைத் தள்ளி வைத்துவிட்டு அவள் எட்டு எண்களையும் தனித்தனியாக வெட்டினாள். இருபது வருஷம் பெட்டிகளைத் திறந்த விரல்கள், அவசரப்படாது.

"பலகை படுக்கைவாட்டுல இருக்கு. அதனால மரத்தோட ரேகையும் குறுக்கா ஓடுது. ஒரு எண்ணோட வலது ஓரத்துல எந்த உயரத்துல ரேகை முடியுதோ, அடுத்த எண்ணோட இடது ஓரத்துல அதே உயரத்துலதான் ஆரம்பிக்கும். எண்ணை வெட்டிப் பிரிக்கலாம், மரத்தைப் பிரிக்க முடியாது. சேர்த்துப் பாரு."

தோர்கில் குழந்தையைப்போல அதில் குனிந்துவிட்டான். ஓர் ஒன்றில் இரண்டு தடித்த ரேகைகள், நடுவில் ஒரு மெல்லியது. அந்த ரேகைகள் அப்படியே ஒன்பதுக்குள் போயின. ஒன்பதிலிருந்து எட்டு. எட்டின் இடுப்பில் ஒரு முடிச்சு. அதைச் சுற்றி வளைந்த ரேகை மூன்றின் வயிற்றில் வந்து விழுந்தது. அதன் பிறகு ஓர் இடைவெளி இருந்திருக்க வேண்டும், ரேகைகள் கொஞ்சம் இறங்கியிருந்தன. இரண்டு. பூஜ்யம். இன்னொரு இரண்டு. கடைசியில் மிச்சமிருந்த ஒன்று.

"முடிஞ்சுது!" அவன் கைபேசியை எடுத்தான். "எஸ்பென் ஸ்கௌ, உங்க அப்பா ரொட்டி நல்லா இருக்குன்னு சொல்லிட்டுத்தான் மத்த விஷயம் பேசுவேன். பத்தொம்பது... எண்பத்து மூணு... இருபது... இருபத்தொண்ணு."

இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. அவன் மறுபடி அழுத்தினான். மறுபடி அதே குரல். அப்போதுதான் தன் வாயாலேயே சொன்ன எண்களைத் தன் காதால் கேட்டான்.

மேசையின்மேல் எட்டுத் துண்டுகளும் வரிசையாகக் கிடந்தன. நான்கு, ஓர் இடைவெளி, நான்கு.

"எண்பத்து மூணுல பொறந்த பையன்னார்," என்றான் மெதுவாக.

ரிக்மோர் ஜன்னலைச் சாத்தினாள். துண்டுகள் பறந்துவிடாமல் இருக்க.

•

"கல்லறையில எழுத்து எந்தப் பக்கம் பார்க்கும்?" காரில் அவள் கேட்டாள்.

"கிழக்கே." தோர்கிலின் தாய்மாமன் ஒரு தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தைப் பராமரித்தவர், சிறுவயது விடுமுறைகளில் சரளைக்கல்லைப் பல்வாரியால் இழுத்துச் சமன் செய்வதுதான் இவன் வேலை. "எங்க போனாலும் கிழக்கேதான்."

"அப்படின்னா மேற்குக் காத்து முதுகுலதானே அறையணும்? இந்தப் பலகையோட முகத்தை எப்படித் தின்னுச்சு?"

தோர்கில் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருக்கும்போல இருந்தது.

"ஹாவ்ரூப்," என்றான். "மணல்மேட்டை ஒட்டி ஒரு சின்னக் கோயில். அங்க மட்டும் மேற்கு ஓரத்துல ஒரு வரிசை கடலைப் பார்த்து நிக்கும். கடல் எடுத்துக்கிட்டு, திருப்பிக் கொடுத்தவங்க வரிசை. மாமா சொல்வாரு, தான் என்ன செஞ்சோம்னு கடல் பார்த்துக்கிட்டே இருக்கட்டும்னு அப்படி வைக்கிறாங்களாம்."

ரிக்மோர் வண்டியை ஓரம் கட்டி, ஹாவ்ரூப் தோட்டக்காரருக்குப் போன் செய்தாள். இரண்டு நிமிஷம் பேசினாள். கேட்டதைவிட அதிகமாக அவர் சொன்னார் போலிருந்தது.

"அந்த வரிசையிலதான் இருக்காரு," என்றாள் போனை வைத்துவிட்டு. "மனைவி ஒருத்தி அந்த ஊர்லயே இருக்காளாம்."

"மனைவியா? பெரியவர் அதைச் சொல்லவே இல்லையே!"

"அவருக்குத் தெரியாது."

•

ஹாவ்ரூப்பில் மற்ற கல்லறைகளைச் சுற்றி முழங்கால் உயர வேலிச்செடி இருந்தது. மேற்கு வரிசையில் எதுவும் வளரவில்லை. எஸ்பெனுடையது கல் அல்ல, மரம். இரண்டு தூண்களுக்கு நடுவே இரண்டு பலகைகள். மேல் பலகையில் பெயர். கீழ்ப் பலகையில் எட்டு எண்கள். எட்டின் இடுப்பில் அந்த முடிச்சு.

பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது, தலைமுடியில் மரத்தூள். பெயர் சிஸ்ஸெல் என்றும், பள்ளியில் தச்சு வேலை சொல்லிக்கொடுப்பதாகவும் தோட்டக்காரர் சொல்லியிருந்தார். தோட்டக்காரர் அவளுக்கும் போன் செய்திருக்க வேண்டும்.

"அவரோட அப்பாவா அனுப்பினாரு?" என்றாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஆமாம்," என்றாள் ரிக்மோர்.

"அப்ப படிச்சிட்டாரு."

அவள் அழுவாள் என்று தோர்கில் எதிர்பார்த்தான். அவள் பலகையின் மேல் ஒட்டியிருந்த மணலைக் கையால் துடைத்தாள்.

"அப்பாவோட சண்டையான அந்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தி நகராட்சியில கல்யாணம் பண்ணிக்கிட்டோம். அப்பாகிட்ட சொல்லுன்னேன். எண்ணெல்லாம் முடிச்சு எடுத்துக்கிட்டுத்தான் போவேன்னாரு. அந்த மூணை அறுபது தடவை வரைஞ்சிருப்பாரு. அடுத்த மார்ச்சுல ஒரு காலையில கடல்ல முங்கிட்டு வரேன்னு துண்டை எடுத்துக்கிட்டுப் போனாரு. தினமும் போறதுதான், இந்த ஊர்ல பாதிப்பேர் போவாங்க. அன்னைக்கு நீரோட்டம் இழுத்துடுச்சு. நாலாவது நாள் கிடைச்சாரு."

"அவருக்கு ஏன் நீங்க சொல்லலை?" தோர்கில் கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் குரல் உயர்ந்தது தெரிந்தது. "மூணு வருஷம்! அவரு அங்க காபியை வச்சுக்கிட்டு..."

"தோர்கில்," என்றாள் ரிக்மோர்.

"கேட்கட்டும். பாதிரியாரும் கேட்டாரு. நானே சொல்லிக்கிறேன்னு அவருக்கு வாக்குக் கொடுத்தேன்." சிஸ்ஸெல் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "லெம்விக்குக்கு ரெண்டு தடவை போனேன். முதல் தடவை வாசல் வரைக்கும். உள்ள ரேடியோ பாடிக்கிட்டு இருந்துச்சு. அவர் கூடவே சீட்டியடிச்சிட்டு இருந்தாரு. அதை எப்படிங்க நிறுத்தறது? கடிதம் எழுதினேன். அந்த ஒரு வார்த்தை வர்ற இடத்துல கை நின்னுடும். அப்புறம் நாள் ஆக ஆக, செத்துட்டாருன்னு சொல்றதைவிட இத்தனை நாள் சொல்லலைன்னு சொல்றது பெரிசாப் போயிடுச்சு."

காற்று அவள் மேலங்கியை அடித்துக்கொண்டே இருந்தது.

"எஸ்பென் ஒரு விஷயம் சொல்வாரு. ‘எங்கப்பாவுக்குப் பத்திரிகை படிக்கக் கண்ணாடி வேணும், கீறலைப் படிக்க வேண்டாம். எந்தக் கீறல் எந்த நாள் எந்தக் கையால விழுந்துச்சுன்னு சொல்லிடுவாரு’ன்னு. இந்தப் பலகையை எஸ்பென் வரைஞ்ச எண்ணை வச்சு நான்தான் செதுக்கினேன். மூணு குளிர்காலம் ஆச்சு. போன பிப்ரவரியில பார்த்தா, காத்து அதை அவரோட எழுத்துரு மாதிரியே ஆக்கி வச்சிருந்துச்சு. உடனே தாளை வச்சுத் தேய்ச்சு எடுத்தேன். எழுத்துருவுல சேர்த்துட்டேன். உலகத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் இது புரியும்னு தெரியும்."

"பேரை ஏன் எடுக்கலை?" என்றாள் ரிக்மோர்.

"பேரை வச்சவர் அவங்கப்பாதானே. பொறந்த வருஷத்தைப் பார்த்தாலே யாருன்னு தெரிஞ்சிடும். அவருக்குத் தெரியாதது கடைசி நாலு எண்தான்."

கடல் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

•

மறுநாள் காலை லெம்விக் வரும் வழியெல்லாம் தோர்கில் வாக்கியங்களை ஒத்திகை பார்த்தான். ஒன்றும் சரிவரவில்லை. இருபது விதமாகத் தொடங்கிப் பார்த்தான், இருபதும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

"நீங்க சொல்லுங்க முதலாளி. நான் வெளியில நிக்கிறேன்."

"உள்ள வா. நேத்து அவருக்குப் படகு கொடுத்தவன் நீ."

பட்டறைக் கதவு திறந்திருந்தது. இங்வார்ட் இன்று காபி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டு, தலை வாரி, நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். ரிக்மோர் வாய் திறந்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டு எழுந்தார். இழுப்பறைகளில் மிகக் கீழே இருந்ததை இழுத்து, ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

கண்ணாடிக்குக் கீழே எட்டுக் காகிதத் துண்டுகள். வெட்டிய ஓரங்கள் கைபட்டுப் பட்டு மழுங்கியிருந்தன. நான்கு, ஓர் இடைவெளி, நான்கு. ரேகையோடு ரேகை சேர்ந்திருந்தது.

"மார்ச்லயே அடுக்கிட்டேன்," என்றார் இங்வார்ட். "நூலகத்துலேருந்து வந்த அன்னைக்கே. பத்து நிமிஷம்கூட ஆகலை. வாழ்க்கை முழுக்க அதே வேலைதானே."

"அப்புறம் எதுக்கு எங்களை..." என்று தொடங்கினான் தோர்கில்.

"வயசான கண்ணு. தப்பாப் படிச்சிருக்கலாம் இல்லையா? ரெண்டு மாசம் தினமும் பிரிச்சுப் பிரிச்சு அடுக்கினேன். வேற மாதிரி வருதான்னு. வரலை. சரி, நல்ல கண்ணு உள்ளவங்க ரெண்டு பேரைக் கூப்பிடுவோம், நீங்க வேற மாதிரி அடுக்குவீங்கன்னு நினைச்சேன்." அவர் தோர்கிலைப் பார்த்தார். கோபமே இல்லை. "தம்பி படகுன்னு சொன்னப்ப நல்லா இருந்துச்சு. நேத்து ராத்திரி வரைக்கும் அவன் ஒரு படகுல இருந்தான்."

தோர்கில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரிக்மோர் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். மார்ச், துண்டு, நீரோட்டம், நாலாவது நாள். சுங்கத்துறையில் கற்ற குரல், நடுங்காதது. இங்வார்ட் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். சிஸ்ஸெலின் பெயர் வந்தபோது மட்டும் நிறுத்தச் சொன்னார்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டானா?"

"ஆமாம்."

"அந்தப் பொண்ணுதான் செதுக்கினாளா?"

"ஆமாம். வாசல் வரைக்கும் வந்தாங்களாம். நீங்க சீட்டியடிச்சிட்டு இருந்தீங்களாம்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். எந்த நாள், என்ன பாட்டு என்று தேடுகிறவர்போல.

"வண்டியில இடம் இருக்குமா?" என்றார்.

•

அன்று நண்பகலில் ஹாவ்ரூப்பில் காற்று இன்னும் பலமாக இருந்தது. ரிக்மோர் போன் செய்திருந்ததால், சிஸ்ஸெல் தோட்டத்து வாசலிலேயே நின்றிருந்தாள். இங்வார்ட் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. ஓடிவிடுவாளோ என்று தோர்கில் பயந்தான்.

"மாமா," என்றாள்.

இங்வார்ட் அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலில் உளி பட்ட பழைய தழும்பு ஒன்று இருந்தது.

"இது அதைச் செதுக்கினப்ப பட்டதா?"

"ஆமாம். பூஜ்யம்."

"பூஜ்யம்தான் கஷ்டம்," என்றார். "வாம்மா. காட்டு."

ரிக்மோரும் தோர்கிலும் வேலிச்செடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். கிழவர் முழங்காலை மணலில் ஊன்ற வெகுநேரம் ஆனது. மேல் பலகையை அவர் படிக்கவில்லை. நேராகக் கீழ்ப் பலகைக்குப் போனார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி சிஸ்ஸெலிடம் கொடுத்துவிட்டு, முகத்தை மூன்றுக்கு மிக அருகில் கொண்டுபோனார். முதல் படி அச்சாகி வரும் தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மேல் வளைவை, குதிகாலை, இடுப்பை. பிறகு கட்டைவிரலை அந்த மூன்றின் வயிற்றில் வைத்து, கீழ்வரை ஒரு முறை ஓட்டினார். இன்னொரு முறையும்.

சிஸ்ஸெல் குனிந்து அவர் காதோரம் ஏதோ கேட்டாள். அது இங்கே கேட்கவில்லை. அவர் பதில் சொன்னபோது அவளிடம் சொல்லவில்லை. பலகையைப் பார்த்துத்தான், பட்டறையில் பக்கத்து மேசைக்காரனிடம் சொல்கிற அளவான குரலில் சொன்னார். காற்று இந்தப் பக்கம் அடித்ததால் ஒவ்வொரு சொல்லும் தோர்கிலுக்கு வந்து சேர்ந்தது.

"வயிறு அரை நூல் பெரிசா இருக்குடா, எஸ்பென். மாத்தாதே. அதுதான் நல்லா இருக்கு."